சாகுல் பாய் வைக்காத குழாய்

அரியலூர்க் கடைவீதியில் குழாய்ச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "லெப்பைக்குடிகாடு சாகுல் பாய் மவுத்தாயிட்டாராம் சார். விடியக்காலம் நெஞ்சு வலின்னாராம், பெரம்பலூர் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சாம்" என்றார். என் சாமானைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "தங்கமான மனுசன். அந்த ஒரு வேலையிலதான் பேரு கெட்டுப்போச்சு" என்றும் சொன்னார். காசைக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தோடு இறங்கினேன். ஏழு வருடமாக அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் பேசாமல்தான் இருந்திருக்கிறேன்.

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் வீடு கட்டித் தருகிற இன்ஜினியர்கள் நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். குவைத்தில் பெரிய ஹோட்டல்களில் குழாய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கொத்தனார்கள் அவர் தலையைக் கண்டதும், "கஸ்டம்ஸ் ஆபீசர் வந்துட்டாரு" என்பார்கள். அவ்வளவு பிடிவாதம். கீசரின் சேஃப்டி வால்விலிருந்து கீழே இறங்கும் குழாய் ஒன்று உண்டு. உள்ளே சூடும் அழுத்தமும் எல்லை மீறினால் வால்வு திறந்து, கொதிநீரை அந்த வழியாக வெளியே தள்ளும். நம்மில் பலர் அதைப் போடுவதே இல்லை. போட்டாலும் கையில் அகப்பட்ட துண்டைச் சொருகிவிட்டுப் போவோம். பாய்க்கோ அதுதான் முக்கியம். செம்பு, இல்லாவிட்டால் ஜி.ஐ. இரும்பு, அதுவும் இல்லாவிட்டால் சூடு தாங்கும் சிபிவிசி. வால்வின் வாய் எவ்வளவோ அவ்வளவு அகலம். எங்கும் மேலே ஏறாமல் சரிவாக இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே, கண்ணில் படுகிற இடத்தில் முடிய வேண்டும். "தெனம் வர்ற தண்ணிக்கு எவன் வேணா குழாய் போட்டுடுவான் சார். இது என்னைக்கோ ஒரு நாள் வரப்போற தண்ணிக்கு" என்பார்.

திருமழபாடியில் ஒரு வீட்டில் அந்தக் குழாய் சொட்டியது. தண்ணீர் சொட்டுகிற வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று வீட்டுக்கார அம்மா மூடி வாங்கி அடைத்துவிட்டார். நானும் சரியென்று விட்டுவிட்டேன். பாய் சேதி கேட்டுப் பஸ் பிடித்துப் போய்த் தன் கையால் மூடியைக் கழற்றினார். "சுடும்போது நாலு சொட்டு விடத்தான்மா செய்யும். வாயக் கட்டிட்டா அது வெடிக்காம என்ன பண்ணும்?" என்றார். அந்த அம்மா முணுமுணுத்தார். இவர் அசையவில்லை. திரும்பி வரும்போது என்னிடம், "நீங்களுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

இனி, அவர் பெயர் கெட்டுப்போன அந்த ஜெயங்கொண்டம் வீடு.

புதுமனைப் புகுவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. சிபிவிசி வந்து சேரவில்லை. தங்கை மகள் நிக்காஹ் என்று பாய் ஊருக்குக் கிளம்பினார். "கீசரப் போட்றாதீங்க சார். நான் வந்து அந்த லைன முடிச்சுத் தரேன். வெள்ளைக் குழாய மட்டும் தொட்டுடாதீங்க, கொதிதண்ணி பட்டா கீரைத்தண்டா தொவண்டுடும்" என்று இரண்டு முறை சொன்னார். விருந்தாளிகளுக்கு வெந்நீர் வேண்டும் என்று வீட்டுக்காரர் நெருக்கினார். தோட்டத்துக் குழாயில் மிச்சமான வெள்ளை பிவிசி கிடந்தது. நானே ஏணியில் ஏறி, பசை தடவி ஒட்டினேன். பாய் ஊரிலிருந்து போனில் கேட்டபோது, "முடிஞ்சுடுச்சு பாய்" என்றேன். மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வேலை வந்தது, மறந்துபோனேன்.

இரண்டு மாதம் கழித்து கீசர் பழுதாகி, வால்வு திறந்து, வெள்ளைக் குழாய் வளைந்து மூட்டில் பிரிந்தது. கீழே செல்வி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். வரதராஜன்பேட்டையிலிருந்து அந்த வீட்டுக்கு வேலைக்கு வருபவர். இடது தோளிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது.

வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "என்ன பாய், இந்த வூட்டுக்குக் குழாய் வேலை நீங்கதான பாத்தீங்க?" என்று கத்தினார். பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே, "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார்" என்றார். சமயம் பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்தச் சமயம் வரவேயில்லை. ஜெயங்கொண்டத்தில் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு அரியலூரிலும். கடைசி வருடங்களில் உள்ளூர்ப் பள்ளிவாசல் குழாய்களையும் நாலு வீடுகளையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை எங்கே கண்டாலும் முன்போலவே சலாம் சொல்வார். நான்தான் ஒவ்வொரு முறையும் அவசர வேலை இருப்பதுபோல நடையைக் கட்டுவேன்.

அடக்கம் முடிந்து மையவாடி வாசலில் அவர் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா ஒங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லுவாங்க சார்" என்றான். அங்கேயும் நான் கையை விடுவித்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மறுநாள் வரதராஜன்பேட்டைக்குப் போனேன். செல்வி வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். சேலை மறைக்காத இடத்தில் தோல் சுருங்கி, பளபளத்தது. அந்தக் குழாயை வைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "பூசைக்கு வூடு கழுவ வந்தேன்ல அன்னைக்கு. பசை டப்பாவ எடுத்துக் குடுத்ததே நான்தான்."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"என்னைய யாரு சார் கேட்டா? ஆஸ்பத்திரிக்குப் பாய் ஒருத்தருதான் வந்தாரு. நான் சொல்லிப்புடுறேன் பாய்னேன். வேணாம்மா, இன்ஜினியர் நல்ல மனுசன், அவரே சொல்லுவாருன்னாரு."

அங்கிருந்து நேராக ஜெயங்கொண்டம் போய் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "இப்பச் சொல்லி என்ன சார் ஆவப்போவுது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். இருந்தாலும், பாயைக் குறை சொன்ன ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்: அந்த வெள்ளைக் குழாயை அவர் வைக்கவில்லை, நான் வைத்தேன். அவர் சுமந்த கெட்ட பெயரை இனி நான் வைத்துக்கொள்கிறேன். கூடவே அவர் என்மேல் வைத்த 'நல்ல மனுசன்' என்ற அந்த வார்த்தையையும்.

சொல்லிவிட்டேன், பாய். நீங்கள் ஏழு வருடம் காத்திருந்தீர்கள். நான் ஒரு நாள் தாமதமாக வந்திருக்கிறேன்.