கிராங்க் ஷாப்டோடு சிதம்பரம் போனேன்

சென்ற செவ்வாய்க்கிழமை சிதம்பரம் போய் வந்தேன். தரிசனத்துக்கு அல்ல, எங்கள் பழைய டீசல் காரின் இன்ஜின் வேலைக்கு. மெக்கானிக் அந்தோணி பிரித்துப் பார்த்தபோது பேரிங்குகள் உள்ளிருக்கும் செம்பு தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தன. அந்தப் பேரிங்குகளில் சுழலும் அச்சான கிராங்க் ஷாப்டைக் கடைந்து புதுப் பேரிங் போட, சிதம்பரத்தில் ஒரு லேத் பட்டறையைச் சொன்னார்.

காரை விற்றுவிடலாம் என்பவர்களுக்கு ஒரு விளக்கம். இடுப்பு அறுவைக்குப் பிறகு என் மனைவி ரோசியால் வேறு வண்டியில் உட்கார முடிவதில்லை. எங்கள் கார் இருக்கையை அவளுக்காக உயர்த்தி வைத்திருக்கிறோம். வாடகைக் காரில் ஒருமுறை கிளம்பி, வலி தாங்காமல் பாதி வழியில் ஆலப்பாக்கத்திலேயே திரும்பினோம். சிதம்பரத்திலிருக்கும் அவள் அக்காவுக்கு நினைவு மங்கிவருகிறது. முகம் மறப்பதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இந்த ஞாயிறு போகலாம் என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் ஊர்த் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் காலை ஏழேகாலுக்கு ஏறினேன். தூரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். நான் கொண்டுபோன சாக்கு மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்தார் நடத்துநர்.

“பெருசு, இன்னா இது?”

“கார் இன்ஜின் சாமான்.”

“முழுசா கொண்டாந்திருந்தா ஓட்டிக்கினே போயிருக்கலாமே!”

பேருந்தே சிரித்தது. லக்கேஜ் டிக்கெட் வாங்கிக்கொண்டேன். சிப்காட் ரசாயன ஆலைகளின் நாற்றம் வந்ததும் எல்லாரும் ஜன்னலைச் சாத்தினார்கள். என் ஜன்னல் இறுகிக்கிடந்தது. யாரையும் உதவிக்குக் கூப்பிடத் தயங்கி, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

எட்டே முக்காலுக்குச் சிதம்பரம். பட்டறைக்கு ஆட்டோ அறுபது ரூபாய். பட்டறைக்காரர் செல்வம் மூட்டையைப் பிரித்தார். பிஸ்டனைக் கிராங்க் ஷாப்டோடு இணைக்கும் நான்கு கனெக்டிங் ராடுகள் ஒரு பொட்டலம், அவற்றின் அடிமூடிகள் இன்னொரு பொட்டலம். பளபளப்பாக இருந்தன.

“எந்த மூடி எந்த ராடுக்கு சார்?”

அந்தோணி சாக்பீஸால் எண் போட்டிருந்தார். அழுக்கோடு கொண்டுபோகக் கூச்சப்பட்டு, முந்தின நாள் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவியிருந்தேன்.

“கழுவிட்டேன்.”

“கழுவிட்டீங்களா? ஏன் சார், இதுங்கள பொண்ணு பாக்கவா வராங்க?”

ராடையும் மூடியையும் ஒன்றாகப் பூட்டித்தான் வட்டம் கடைவார்களாம். ஜோடி மாறினால் வட்டம் கோணும், புதுப் பேரிங் சீக்கிரமே போய்விடும். மாற்றி மாற்றிப் பூட்டி அளந்து பார்த்தார். இரண்டு ஜோடிகள் சேர்ந்தன. மற்ற இரண்டில் அவருக்கே சந்தேகம்.

“நாலையும் புதுசா கடையணும். பத்து நாள் ஆவும். மூடிய மாத்தாம இருந்திருந்தா நாளைக்கே குடுத்திருப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் போனது. ஒரு சாக்பீஸ் கோட்டைக்கூடப் பத்திரப்படுத்தத் தெரியாதவன் இன்ஜின் வேலையில் இறங்கியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

அக்கா வீடு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். ரோசி இல்லாமல் போகத் தயங்கி, தெரு முனையிலேயே வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் போனேன். அக்காவின் மருமகள் கதவைத் திறந்தாள். “அத்த, யாரு வந்திருக்காங்க பாருங்க.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாரு?”

“ரோசி வீட்டுக்காரருங்க, அத்த.”

அவர் முகம் மலர்ந்தது. எழுந்து என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

“காரு எங்க? ரோசி உள்ள ஒக்காந்திருக்காளா?”

“கார் ரிப்பேர்ல இருக்குக்கா. நான் பஸ்ல வந்தேன்.”

“ரோசி வீட்டுக்காரரு கார்லதான் வருவாரு,” என்று மருமகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்கு: ராடையும் அதன் மூடியையும் போல்ட்டால் பூட்டியே கொண்டுபோங்கள். எண்ணைச் சாக்பீஸால் எழுதாமல் பஞ்ச்சால் இரும்பிலேயே குத்தச் சொல்லுங்கள். கிராங்க் ஷாப்டைக் கடைந்த பிறகே பேரிங் அளவை முடிவு செய்யுங்கள். எதையும் நீங்களாகக் கழுவ வேண்டாம். பேருந்தில் ஜன்னல் திறந்து மூடுகிறதா என்று பார்த்து உட்காருங்கள்.

மாலை வீடு திரும்பியதும் பத்து நாள் ஆகும் என்றேன். அக்காவைப் பார்த்துவிட்டு வந்ததையும் சொன்னதும் ரோசி கேட்டாள்.

“அக்கா என்னைக் கேட்டாளா?”

“வாசல் வரைக்கும் வந்து கேட்டாங்க,” என்றேன்.