அடிக்கத் தோதாகப் பந்து எறிந்த அத்தான்

அன்று செவ்வாய்க்கிழமை. ஈஸ்ட் ஹாம் கடையில் முருங்கைக்காய் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். அக்காவின் மகள், என்ர பெறாமகள் வாணியின் போன் வந்தது. எடுத்தால் அழுகைதான் கேட்டது.

"என்ன பிள்ளை, அப்பாவே?"

"ஓம் சித்தி. விடியப்புறம். நித்திரையிலயே போயிட்டார்."

கையில் இருந்த காயை எங்கே வைத்தேனோ தெரியாது. கடைக்காரத் தம்பி கதிரை ஒன்று கொண்டுவந்து போட்டார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அக்கா வீடு இருக்கிற ரெய்னர்ஸ் லேனுக்கு ரயில் ஏறினேன்.

சிவபாதம் அத்தான் என்னுடைய அக்காவின் கணவர். கோயில் தேரன்று கார் நிறுத்தும் இடத்தில் மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு, "பின்னுக்கு எடு, இன்னும் எடு, பயப்பிடாத, நான் நிக்கிறன்" என்று கத்துகிறவரை உங்களில் கனபேருக்குத் தெரியும். பார்க்கிங் என்கிற ஊர்ப்பக்கம் பெற்றோல் ஸ்டேஷனில் வருடக்கணக்காக நின்றவர் என்றும் தெரியும். அவர் ஒரு கோடைகாலம் முழுவதும் வெள்ளைக்காரரோடு பேஸ்போல் விளையாடியவர் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லித் திரிந்ததில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகமாக அடிக்கும் இந்தக் கல்வெட்டில் தேவாரமும் குடும்ப வரலாறும் படங்களும் இருக்கும். "அந்த விளையாட்டுக் கதையை நீங்கதான் எழுத வேணும் சித்தி, அம்மாவாலை இப்ப ஏலாது" என்று வாணி கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் டொக்டருக்குப் படிக்கிற என்ர பேத்தி, "அம்மம்மா, கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ, நான் ரைப் பண்ணித் தாறன்" என்றாள். லண்டனில் பிறந்த பிள்ளை, தமிழில் ஒரு எழுத்துப் பிழை விடமாட்டாள். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. ஈஸ்ட் ஹாமில் ஒரே வீட்டில் மேல்மாடியில் அக்காவும் அத்தானும், கீழே நானும் என்ர அவரும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட பெடியள் பக்கத்துப் புல்வெளியில் எல்லே விளையாடுவார்கள். எல்லே தெரியாதவர்களுக்குச் சொல்லவேணும். தடியால் பந்தை அடித்துவிட்டு நாலு மூலையும் சுற்றி ஓடிவர வேணும். ஓடுகிறவரின் உடம்பில் மற்றப் பக்கத்தார் பந்தால் எறிந்து பட்டால் அவர் அவுட். ரெனிஸ் பந்துதான், நோகாது. அடிக்கிறவருக்குப் பந்து போடுகிறவரும் அவருடைய சொந்தப் பக்கத்து ஆள்தான். அடிக்க வசதியாகத்தான் போடுவார்.

அத்தான்தான் எங்கட ஆக்களுக்குப் பந்து போடுகிறவர். ஒருவருக்கு முழங்கால் உயரம் பிடிக்கும், இன்னொருவருக்கு நெஞ்சு உயரம். கேட்கவே மாட்டார். ஆள் வந்து நிற்கிற நிலையைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். என்ர அவர் அவ்வளவு பெரிய விளையாட்டுக்காரர் இல்லை. அத்தான் போட்டால் மட்டும் பந்து மரத்துக்கு மேலால் போகும். வீட்டுக்கு வந்து, "கண்டியே என்ர அடியை?" என்பார். அத்தான் தலையாட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்.

பக்கத்து மைதானத்தில் வெள்ளைக்காரர் கொஞ்சப் பேர் பேஸ்போல் விளையாடுவார்கள். அவர்களின் தலைவர் பிராங்க், பஸ் ஓட்டுகிறவர், செம்பட்டைத் தலை. அந்த அணியைத் தொடங்கியது அவருடைய தகப்பன். அந்த வருடம் ஆட்கள் விலகிப்போய், ஆட்டத்துக்கு வேண்டிய ஒன்பது பேரைச் சேர்க்க முடியாமல் நின்றார்கள். ஒரு ஞாயிறு பிராங்க் வேலி தாண்டி வந்து அத்தானின் தோளில் தட்டி, கையால் பந்து எறிவதுபோல் காட்டிக் கூப்பிட்டார். அத்தானும் எங்கட பெடியள் மூன்று பேரும் போனார்கள்.

அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "கிழமை முழுக்க நிண்டு கால் வீங்கிப்போய் வாறியள். ஞாயிறிலயும் ஓட்டமே? உங்களுக்கென்ன, இருவது வயசே?"

"இந்த நாட்டுக்கு வந்து ஒருத்தன் என்னை 'வா' எண்டு கூப்பிட்டது இதுதான் முதல்தரம்" என்றார் அத்தான். "போகாட்டில் நல்லாயிருக்காது."

அக்கா அடுத்த ஞாயிறு ரோல்ஸ் பொரித்துக் கட்டிக் கொடுத்தா.

முதல் ஆட்டம் பார்க்க நாங்களும் போனோம். மற்றப் பக்கத்தில் டெரி என்று ஒரு கொத்தனார், கதவு மாதிரி முதுகு. அவர் ஒரு மூலையில் இருந்து மற்ற மூலைக்கு ஓடுகிறார், பந்து அத்தானின் கைக்கு வருகிறது. ஊர்ப் பழக்கம் விடுமா? குறி பார்த்து டெரியின் நடுமுதுகில் ஒரு எறி. பேஸ்போல் பந்து கல்லு மாதிரி. மனிசன் குப்புற விழுந்தார். எங்கட பெடியள் மூன்று பேரும் "அவுட்! அவுட்!" என்று துள்ளுகிறார்கள். என்ர அவரும் எழும்பி நின்று கைதட்டுகிறார். அந்தப் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் அத்தானை நோக்கி ஓடி வருகிறார்கள். அத்தான் ஏதோ பாராட்ட வருகிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்!

அந்த விளையாட்டில் ஓடுகிறவரைப் பந்தோடு தொட வேணும், எறியக்கூடாதாம். பிராங்க் நடுவில் புகுந்து சமாளித்தார். அத்தான் டெரியிடம் போய்த் தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷில் "சொறி, சொறி, மை கன்ட்றி அவுட்" என்றார். டெரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஆட்டத்தில் அத்தானைப் பந்து எறிய விட்டார்கள். கை அவ்வளவு நேர்த்தி, எறிந்தால் வெல்லலாம் என்று பிராங்க் நினைத்தார். வந்தவன் போனவன் எல்லாரும் அடித்து நொறுக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் பிடித்த உயரத்திலேயே பந்து போகிறது. பிராங்க் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடி வந்தார். எங்கட பெடியன் ஒருத்தன் தமிழில் சொன்னான், "அண்ணை, இவையள் எதிர்ப்பக்கம். அடிக்க விடக்கூடாது."

"அடிக்க விடக்கூடாதெண்டால் பிறகேன் எறிவான்? பந்தைப் பொக்கற்றுக்குள்ள வைச்சிருக்கலாமே" என்றார் அத்தான்.

அதோடு எறிகிற வேலை அமெரிக்காவில் இருந்து படிக்க வந்த ஒரு பெடியனிடம் போனது. அத்தான் தூரத்தில் நின்று பந்து பொறுக்கினார். ஆனால் பிராங்கின் ஆட்களுக்கு அடிக்க வராது என்பதை அத்தான் கண்டுவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்து, புதன்கிழமைப் பின்னேரங்களில் அவர்களுக்குப் பந்து போட்டுக் கொடுத்தார். முதலில் தோதான இடத்தில், பிறகு அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, பிறகு இன்னும் தள்ளி. ஆடி மாதம் போல அவர்கள் அடிக்கத் தொடங்கினார்கள், ஒன்றிரண்டு ஆட்டமும் வென்றார்கள். பிராங்க் ஒருநாள் எங்கட வீட்டுக்கு வந்து, தோசையைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டுவிட்டு, அக்காவுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

வென்றும் போதவில்லை. கடைசி ஆட்டம் வந்தபோது லீக் பட்டியலின் அடியில் இரண்டு அணிகள் நின்றன. ஒன்று பிராங்கினது, மற்றது டெரியினது. இரண்டும் மோத வேணும். தோற்கிற அணி லீக்கை விட்டு வெளியே. அதற்குள் அமெரிக்கப் பெடியன் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டான். எறிய ஆள் இல்லை.

பிராங்க் அத்தானின் இரண்டு கையையும் பிடித்தார். தகப்பன் தொடங்கிய அணி. கண் கலங்கியிருந்தது. அத்தான் என்ர அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆளைப் பார்த்தால் எங்க கேக்கிறான் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. அங்க போடாமல் விட்டால் சரிதானே?"

"அதுதான் அண்ணை விளையாட்டு."

"இதென்ன விளையாட்டோ" என்றார். பச்சைப் பாகற்காயைக் கடித்த முகம்.

அன்று அத்தான் எறிந்ததுபோல் ஒருவரும் எறிந்து நான் பார்த்ததில்லை. வேகம் பெரிதாக இல்லை. வருகிறவர் நிற்கிற நிலையை ஒருக்கால் பார்ப்பார், அவர் கேட்கிற இடத்தை விட்டுக் கொஞ்சம் விலத்திப் போடுவார். காற்றைத்தான் அடித்தார்கள். எங்கட பெடியள் கூவுகிறார்கள், அக்காவும் கூவுகிறா. அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசி ஆள் டெரி. அவர் அடித்தால் அவர்களின் அணி பிழைக்கும், விட்டால் பிராங்கின் அணி பிழைக்கும். முதல் பந்து, தவறவிட்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்று தவறினால் ஆள் அவுட். மூன்றாவதை எறிய முன் அத்தான் கன நேரம் டெரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம் பார்த்து அடிக்கக் கொடுத்துவிடுவாரோ என்று அக்கா என்ர கையை நெரித்தா. எறிந்தார். டெரி முழுப் பலத்தோடு வீசினார். பந்து பின்னால் நின்றவரின் கையுறைக்குள் போய் விழுந்தது.

பிராங்கின் ஆட்கள் மைதானத்தில் உருண்டார்கள். டெரி மட்டையைப் போட்டுவிட்டுப் போனார். எங்கட வீட்டில் எல்லாருக்கும் விருந்து. அத்தான் பிந்தித்தான் வந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் களைப்பு என்று போய்ப் படுத்தார்.

அடுத்த வருடம் பிராங்க் வந்து மன்றாடினார். அத்தான் போகவில்லை. "புதன்கிழமை வாறன். உங்கட ஆக்களுக்குப் போடுறன். எதிரிக்கு எறியிற வேலை எனக்குச் சரிவராது" என்று சொல்லிவிட்டார். சொன்னபடி, தோள்மூட்டு நோகத் தொடங்கிய பிறகும் புதன்கிழமைகளில் போனார். பிராங்க் காலமான பிறகுதான் நின்றது. ஏன் அந்த ஒரு ஆட்டத்தோடு விட்டார் என்று நான் கேட்டால், "வயசு போட்டுது புவனா" என்பார். அப்போது அவருக்கு நாற்பதும் இல்லை.

செத்தவீட்டுக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கறுப்புக் கோட்டோடு தடி ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் அடையாளம் தெரியவில்லை. திரும்பினபோது முதுகைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். டெரி.

அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து அவர் கதைத்ததை வாணி தமிழில் சொன்னாள். "அண்டைக்குத் தோத்துப்போய் நான் பஸ்சுக்குப் போய்க்கொண்டிருந்தன். வருசக்கணக்கா விளையாடின அணி, என்ர கையால முடிஞ்சுபோச்சு. பின்னால ஆரோ ஓடி வாற சத்தம். பார்த்தால் உங்கட மனிசன். கையில பந்துப் பை. மறுபடியும் எறியத்தான் வாறார் எண்டு பயந்துபோனன். சட்டையில பிடிச்சு இழுத்துக்கொண்டு மைதானத்துக்கே கொண்டுபோனார். ஒருத்தரும் இல்லை. என்னை நிப்பாட்டி வைச்சுப் பந்து போட்டார். எனக்கு எங்க பிடிக்குமோ, சரியா அங்க. முதல் பந்தைக் கோவத்தில விட்டிட்டன். பிறகு அடிச்சன். அடிச்சுக்கொண்டே இருந்தன். பை முடியும் வரைக்கும் போட்டார்."

அதுவரை குனிந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தா. "அடிச்ச பந்தெல்லாம் ஆர் போய் எடுத்தது? கேள் பிள்ளை."

டெரி கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். "ரெண்டு பேரும்தான். சேர்ந்து நடந்துபோய்ப் பொறுக்கினம். கதைக்கப் பாஷை இல்லை. சும்மா நடந்தம்."

அத்தான், அக்காவை நாங்கள் பார்த்துக்கொள்ளுவோம், அதைப்பற்றி யோசியாதேங்கோ. பொழுதுபடுகிற நேரம், ஆளில்லாத புல்வெளி, தோற்றுப்போன மனிசனோடு குனிந்து குனிந்து பந்து தேடிக்கொண்டு நடக்கிறீர்கள். நான் காணாத அந்தப் பின்னேரத்தில்தான் இனி உங்களைக் காணப்போகிறேன். ஆறுதலாகப் போய்ச் சேருங்கோ அத்தான்.

அன்பு மச்சாள்,
புவனேஸ்வரி
ஈஸ்ட் ஹாம், லண்டன்