கோபுரத்தில் ஆளில்லாத நாள்

குறுமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்திருக்கிறோம். வாவியைக் கடக்கும் இயந்திரப் படகை இங்கே பாதை என்றுதான் சொல்கிறார்கள். படையினர் எங்கள் பைகளைச் சோதித்து முடித்துவிட்டார்கள். பாதை இன்னும் அக்கரையிலிருந்து புறப்படவில்லை. காற்று நன்றாக வீசுகிறது. யாருக்கும் அவசரமில்லை.

சைக்கிளைப் பிடித்தபடி என் பக்கத்தில் நிற்பவர் வெளிநாட்டில் விமானம் ஓட்டி, ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவர். மண்டூருக்கு மகளைப் பார்க்கப் போகிறார். பறந்ததில் மறக்க முடியாத நாள் எது என்று கேட்கிறேன்.

"கட்டுப்பாட்டுக் கோபுரத்து ஆக்கள் வேலைநிறுத்தம் செஞ்ச நாள், மனே. நாங்க ஆகாயத்தில இரிக்கக்குள்ளதான் தொடங்கினது. கீழ ஒரே மேகம். ஆர் முதல்ல இறங்குற எண்டு சொல்ல ஆளில்ல."

"பிறகு என்ன செய்தீங்க?"

"விமானிகள் நாங்களே ரேடியோவில கதைச்சம். எங்க நிக்கிறம், எவ்வளவு உயரம் எண்டு சொல்லிச் சொல்லி வந்தம். நான்தான் முன்னுக்கு. பின்னுக்கு வந்தவனுக்கு எண்ணெய் முடியப்போகுது. நீ இறங்கு எண்டு சொல்லிப்போட்டு விலகிச் சுத்தினன்."

"பயமில்லையா?"

"பயம்தான். என்னட்டயும் கனக்க எண்ணெய் இல்லயே."

அவர் தரையிறங்கி வெளியே வந்தபோது, முன்னதாக இறங்கிய அந்த விமானி படிக்கட்டடியில் காத்து நின்றாராம். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"என்ன செய்தார்?"

"கட்டிப்புடிச்சான். அவன்ட சட்டையும் வேர்வையில நனைஞ்சிரிக்கு, என்ட சட்டையும் நனைஞ்சிரிக்கு. ரெண்டு பேரும் சிரிச்சிட்டம்."

சொல்லிவிட்டு, தோள் குலுங்க இப்போதும் சிரிக்கிறார்.