பொட்டிக்கு நெத்தி எது

தளவாய்புரத்தில் வீட்டில் உட்கார்ந்து சம்பாதிப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. தெருவுக்குள் நுழைந்தாலே நைட்டி தைக்கிற மெஷின் சத்தம்தான் காதில் விழும். ஆனால் வேலை என்றால் சத்தம் வர வேண்டும், பக்கத்தில் துணி குவிய வேண்டும், விரலில் எண்ணெய்க் கறை படிய வேண்டும் என்பது அந்த ஊரின் கணக்கு. பாண்டிசெல்வியின் வேலையில் இது எதுவுமே கிடையாது. சென்னையில் ஒரு கம்பெனி. ஆஸ்பத்திரி பில்களில் தப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு லேப்டாப், அவ்வளவுதான். மாமியார் சுந்தரம்மாள் வேலை என்ற சொல்லை அதற்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை. யாராவது மருமகளைத் தேடி வந்தால், "உள்ள பொட்டிய நோண்டிக்கிட்டு இருக்கா" என்பாள்.

பாண்டிசெல்விக்கு அது சுருக்கென்று குத்தும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் கொஞ்ச நாள் இருந்தாள். புருஷன் பாண்டிதுரை பட்டாளத்தில் இருக்கிறான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அவன் குரல் மட்டும்தான் வீட்டுக்கு வரும். பிள்ளை பிறந்ததும் மில்லை விட்டாள். விட்டவள் சும்மா இருக்காமல் தேடித் தேடிப் பிடித்தது இந்த வேலை. அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தனக்கென்று ஒரு இடம் இருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து. கம்பெனியின் சட்டப்படி வைஃபை கூடாது, ஒயர் சொருகித்தான் வேலை பார்க்க வேண்டும். போன மாசம் மழையில் லைன் ரெண்டு மூன்று தடவை அறுந்துபோனது. மேலாளர் ஷெரின் நல்ல பெண்தான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். ஆயுத பூஜை லீவு முடிந்த திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு லைனைச் சோதித்துப் பார்ப்பார்கள். தேறினால் வீட்டிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். பள்ளிக்கூடம் போகிற மகளை விட்டுவிட்டு அவள் எங்கே சென்னைக்குப் போக? வேலையை விட்டுவிடு என்பதைத்தான் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

லீவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வன்னியம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தவள் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்பினாள். திங்கட்கிழமை காலையில் மேஜைக்கு வந்தால், லேப்டாப் மேல் ஒரு காய்ந்த செவ்வந்தி இதழ் கிடந்தது. ஊதித் தள்ளிவிட்டு ஒயரைச் சொருகினாள். எப்போதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், பக்கத்தில் பச்சை விளக்கு சிமிட்டும். அன்றைக்குச் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை. இழுத்து இழுத்துச் சொருகினாள். லேப்டாப் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தாள்.

"மேடம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் சார்."

"இன்னொரு தடவை பண்ணுங்க மேடம்."

பண்ணினாள். ஒயரைக் கழற்றி மாட்டச் சொன்னான். மாட்டினாள். அந்தப் பட்டனை அழுத்தச் சொன்னான், திரையில் இந்தக் கட்டத்தில் இருக்கும் டிக் மார்க்கை எடுக்கச் சொன்னான், பழைய கனெக்‌ஷனை அழித்துப் புதிதாகப் போடச் சொன்னான். அதையெல்லாம் செய்து முடித்த பிறகு, "மேடம், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தான். பாண்டிசெல்வி போனை மெத்தையில் விட்டெறிந்தாள். தரையில் எறியாதது போன் செய்த புண்ணியம்.

அடுத்தது கேபிள்காரர் சோணைமுத்து. நெட் லைனும் அவர் கொடுத்ததுதான். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தங்கச்சி, நம்ம லைன்ல ஒரு கொறையும் கெடையாது" என்றார்.

"அண்ணே, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!"

"செத்த நேரத்துல வாரேன்" என்றார். அந்தச் செத்த நேரத்துக்குள் ராஜபாளையம் போய் வந்திருக்கலாம். வந்தவர் ஒயரின் தலையை வெட்டிப் புதுசு மாட்டினார். லேப்டாப்பில் சொருகினால் விளக்கு எரியவில்லை. அதே ஒயரைக் கொண்டுபோய் நெட்டில் ஓடுகிற டிவியின் பின்னால் சொருகினார். படம் பளிச்சென்று வந்தது.

"பாத்தியா? லைன் தங்கம். கோளாறு ஒன் பொட்டியிலதான்" என்று கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி கிளம்பிப் போனார். அவருக்கென்ன, அவர் லைன் தப்பித்துவிட்டது.

இதற்கிடையில் சுந்தரம்மாள் வேறு. அன்றைக்கென்று தன் தையல் மெஷினில் உட்காராமல் வாசற்படிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்து, "ஏட்டி செல்வி, அந்தப் பச்ச லைட்டு எரிஞ்சுட்டா?" என்று கேட்டாள்.

"எரிஞ்சா நான் ஏன் அத்த இப்படி உக்காந்திருக்கேன்? சும்மா நொய் நொய்னு கேக்காதீக!"

கேட்டுக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள் கிழவி. மற்ற நாளாக இருந்தால் இதற்குப் பதிலுக்கு நாலு வார்த்தை வந்திருக்கும். பாண்டிசெல்விக்கு அதைக் கவனிக்க நேரம் ஏது?

கோளாறு லேப்டாப்பில்தான் என்றால் எங்கே? ஒயர் நுழைகிற இடம் ஒன்றுதானே! அப்போதுதான் அவளுக்கு அந்த 'டிக்' ஞாபகம் வந்தது. லேப்டாப்பைத் திருப்பி வைத்து, போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஓட்டைக்குள் பார்த்தாள். உள்ளே செப்புக் கம்பிகள் பளபளவென்று இருக்க வேண்டும். அதை மூடி மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டித்திருந்தது. அதன் நடுவில் ஒரு சிவப்பு. மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சந்தனம்! குங்குமம்!

"யார் பாத்த வேல இது?" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு மெஷின் நின்றது.

சுந்தரம்மாள் வாசற்படியில் வந்து நின்றாள். "நான்தான் வச்சேன்."

"ஓட்டைக்குள்ளயா வைப்பாக? ஒங்களுக்கு..." என்று ஆரம்பித்தவளை அவள் முடிக்கவிடவில்லை.

"நீ ஒங்காத்தா வீட்டுக்குப் போயிட்ட. நான் மெஷினு, கத்திரிக்கோலு, அருவாமண, மிக்சி அம்புட்டுக்கும் பொட்டு வச்சுச் சாமிக்கு முன்னால அடுக்குனேன். ஒன் பொட்டி மட்டும் இங்க மொட்டையா கெடந்துச்சு. போன வருசம் நீ இதையும் வைக்கவான்னு கேட்ட. இது என்ன ஆயுதமான்னு நான் ஏசிப்புட்டேன். மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டுப் போயி மெஷினுக்குப் பக்கத்துல வச்சேன்."

"அதுக்கு மேல எம்புட்டு எடம் கெடக்கு அத்த?"

"மெஷினுக்கு நெத்தி எதுன்னு தெரியும். மிக்சிக்கும் தெரியும். இந்தப் பொட்டிக்கு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? காலையில வந்து உக்காந்ததும் நீ மொதல்ல அந்த எடத்துலதான் கை வைக்குத. அங்க லைட்டு எரிஞ்ச பொறவுதான ஒனக்கு மூச்சு வருது? அதான் நெத்தின்னு நெனச்சேன். காலையில லைட்டு எரியலன்னதும் எனக்குச் சந்தேகந்தான். சொன்னா நீ கத்துவன்னு சொல்லல."

போன வருஷ ஆயுத பூஜையன்று அந்த ஒரு சொல்லுக்காக அடுப்படியில் நின்று அழுதவள் பாண்டிசெல்வி. இப்போது அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தன் வேலைக்கு இந்த வீட்டில் கிடைத்த முதல் மரியாதை தன் வேலைக்கே உலை வைத்திருக்கிறது. யாரைக் கோபித்துக்கொள்வது? மணி வேறு ஆகிக்கொண்டிருந்தது.

"அழுறதுக்கு நேரமில்ல. ஒங்க மெஷின்ல பஞ்சு தட்டுவீகளே, அந்தச் சின்ன பிரஷக் கொண்டாங்க."

லேப்டாப்பை முழுசாக அணைத்தாள். கிழவி பிரஷோடு ஓடிவந்தாள். ராஜபாளையத்தில் வாங்கி வைத்திருந்த, காயத்துக்குக் கட்டுகிற துணியில் ஒரு துண்டைக் கிழித்து, சானிடைசரில் நனைத்து நனைத்துக் காய்ந்த சந்தனத்தை இளக்கினார்கள். ஒருத்தி டார்ச் பிடிக்க, ஒருத்தி சுரண்ட, மஞ்சள் தூளாக உதிர்ந்தது. கம்பிகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. காய வேண்டுமே என்று சுந்தரம்மாள் நைட்டித் துணி ஒன்றை எடுத்து விசிறினாள்.

ஒயரைச் சொருகினாள். 'டிக்'. லேப்டாப் விழித்ததும் பச்சை விளக்கு சிமிட்டியது. சுந்தரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஷெரின் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் திரையில் வந்தாள். சோதனை ஓடியது. "லைன் நல்லா இருக்கு பாண்டிசெல்வி. ஆனா காலையில இருந்து நீங்க லைன்லயே இல்லையே. என்ன பிரச்சினை? திரும்ப வருமா?"

"ஒயர் சொருகுற எடத்துல தூசி அடைச்சிருந்துச்சு மேடம். இனிமே வராது."

"தூசியா?" என்று வாசற்படியில் இருந்து ஒரு குரல். அதுவரை பயந்துபோய் நின்றவளுக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ! "நல்ல சந்தனம்ட்டி, நானே அரச்சது!"

திரையில் ஷெரின் திகைத்தாள். பாண்டிசெல்விக்கு மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "எங்க அத்தை மேடம். ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு வச்சாக. எடம்தான் மாறிப்போச்சு." ஷெரின் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். "சரி, நீங்க வீட்டிலேயே இருங்க. இடத்தை மட்டும் சொல்லிக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாண்டிசெல்வி வாசற்படியைப் பார்த்துத் திரும்பினாள். "இங்க வாங்க அத்த. இத மூடுனா மேல நடுவுல இருக்கு பாருங்க, இதுதான் இதுக்கு நெத்தி. அடுத்த வருசம் இங்க வைங்க. இப்பவே வேணும்னாலும் வைங்க" என்று லேப்டாப்பை மூடப் போனாள்.

சுந்தரம்மாள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதட்டி. வேல நேரம். பொட்டு சாயங்காலம் வச்சுக்கிடலாம், நீ வேலயப் பாரு."