பஞ்சு சாப்பிடவில்லை

ஊர்ந்து போகும் எதைக் கண்டாலும் அவருக்குக் கை பரபரக்கும். முப்பது வருடமாகச் செய்கிற வேலை அப்படி. முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு வீடு வீடாக, கடை கடையாகப் போய்ப் பூச்சிமருந்து அடிப்பார். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் மருந்துக்காரர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், பிரிட்ஜுக்குப் பின்னால், மெத்தைத் தையலுக்குள் என்று மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்கிற இடங்களையே பார்த்துப் பழகியவர். பழகினார் என்று பேருக்குச் சொல்லலாம். அருவருப்பு ஒரு நாளும் விட்டதில்லை. கரப்பான் முட்டைகளைச் சுரண்டி எடுத்த அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த அருவருப்பு இருப்பதால்தான் தன் வேலை சுத்தமாக இருக்கிறது என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், மகளுடைய அறையில், புத்தக அலமாரியின் இரண்டாவது தட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டரான்டுலா சிலந்தி இருந்தது. குட்டிதான். காலை விரித்தால் பிஸ்கட் அளவு வரும். உடம்பு பூரா மயிர். நடக்கும்போது ஒவ்வொரு காலாகத் தூக்கி, எங்கே வைக்கலாம் என்று யோசித்து வைக்கும். அந்த யோசனைதான் அவருக்குச் சகிக்காது. மகள் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது பஞ்சாகத் தெரியும் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அது வந்த நாளில் வீட்டில் பெரிய ரகளை. ஒன்று அது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று இவர் குதித்தார். மகள் வாதாடவில்லை. வேலைக்குப் போட்ட உடுப்போடு அப்பா என் அறை வாசலைத் தாண்டக் கூடாது என்று மட்டும் ஒரு சட்டம் போட்டாள். விட்டது தொல்லை என்று இவரும் ஒப்புக்கொண்டார்.

பிறகு மகளுக்கு வேலை கிடைத்தது. வெளியூரில் மூன்று வாரம் பயிற்சி. பஞ்சுவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன தோழி கடைசி நேரத்தில் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். அந்த அறைப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று மனைவி கையை விரித்தாள். கடைசியில் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. மகள் ஒரு தாளில் எல்லாம் எழுதி ஒட்டினாள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான்கு நாளுக்கு ஒரு முறை, டப்பாவில் வளரும் சுவர்க்கோழிப் பூச்சி ஒன்றை இடுக்கியால் எடுத்துப் போட வேண்டும். காலைக்குள் தின்னாவிட்டால் எடுத்துவிட வேண்டும். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு: ‘சாப்பிடலன்னா விட்டுடுங்கப்பா.’ கிளம்பும்போது வாசலில் நின்று, “குளிச்சிட்டு உள்ள போங்க, என்ன?” என்றாள். அவள் முகத்தில் நம்பிக்கை மருந்துக்கும் இல்லை.

பஞ்சு சாப்பிடவில்லை. முதல் பூச்சி அதன் முதுகிலேயே ஏறி நடந்துபோயிற்று, அது அசையவில்லை. இரண்டாவதைக் காலால் தள்ளிவிட்டது. உயிரோடு துள்ளுகிற பூச்சியை இடுக்கியில் பிடித்து ஒரு சிலந்தியின் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நிற்க வேண்டிய தலையெழுத்து ஒரு பூச்சிமருந்துக்காரனுக்கு வருமா? வந்தது. அவர் நீட்ட நீட்ட அது பின்னால் போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. போனில் மகள் கேட்டபோது, “நல்லா சாப்பிடுது” என்று சொல்லிவிட்டார். வேறென்ன சொல்ல? வேறு வீட்டில் சிலந்தி செத்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இவர் வீட்டில் செத்தால் இவர்தான் கொன்றார் என்று ஆகிவிடும். மகள் வாயால் சொல்ல மாட்டாள், ஆனால் நம்பிவிடுவாள். அதுதான் அவருக்குப் பயம்.

இன்னொன்றும் உண்டு, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது, வேலை முடிந்து வந்து ஆசையாக ஒரு வாய் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பா கை நாறுது என்பாள். அம்மா கையென்றால் ஆவென்று வாயைத் திறப்பாள். ஸ்பூனால் ஊட்டிப் பாருங்கள் என்று மனைவி சொன்னாள். பெற்ற பிள்ளைக்கு நான் ஸ்பூனில் ஊட்டுவதா என்று இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊட்டுவதையே விட்டுவிட்டார். இப்போது இந்த மயிர் பிடித்த சனியனும் தன் கையைக் கண்டு முகம் திருப்புகிறது என்றதும், அது எப்படிச் சாப்பிடாமல் போகிறது பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு வந்தது.

பன்னிரண்டாம் நாள் ஒரு பேக்கரிக்கு மருந்து அடிக்கப் போனார். அடுப்புக்குப் பின்னால் கொழுத்த இளங்கரப்பான் ஒன்று ஓடியது. இதைப் பார்த்தால் எந்தச் சிலந்திக்கும் நாக்கு ஊறும் என்று தோன்றியது. மருந்து அடிப்பதற்கு முன்பே, கவனமாக அதைப் பிடித்து டப்பாவில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து குளித்து, உடுப்பு மாற்றி, தன் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கரப்பானைக் கொல்லாமல் ஒரு வீட்டுக்குள் விட்டார். உடம்பெல்லாம் கூசியது.

காலையில் போய்ப் பார்த்தால் கரப்பான் மல்லாந்து கிடந்தது. கால்கள் மேலே. அந்தக் கிடையை அவர் லட்சம் தடவை பார்த்திருக்கிறார்; மருந்து சாப்பிட்ட கிடை. மருந்து அடிக்கும் முன்பு பிடித்ததுதான். ஆனால் பிடித்தது எந்தக் கையுறையால்? போட்டது எந்த டப்பாவில்? மருந்துப் பொடி அளக்கிற டப்பா. அப்போதுதான் அதற்குப் பக்கத்தில் பார்த்தார். பஞ்சுவும் மல்லாந்து கிடந்தது.

மகளுக்குப் போன் போட்டார். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். தானாகச் செத்தது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு வாயில் வந்தது இதுதான்: “நான்தாம்மா கொன்னுட்டேன்.” பிறகு பன்னிரண்டு நாளாகச் சாப்பிடாததையும், பொய் சொன்னதையும், கரப்பானையும், டப்பாவையும் ஒன்றுவிடாமல் கொட்டினார்.

மகள் கேட்டாள்: “கால் சுருண்டிருக்கா, விரிஞ்சிருக்கா?”

ஆயிரக்கணக்கில் சிலந்தியைக் கொன்றவர். ஒன்றையாவது நின்று பார்த்தவரில்லை. இப்போது குனிந்து பார்த்தார். விரிந்துதான் இருந்தது. ஒரு கால் லேசாக நடுங்கியது.

“சாகலப்பா. தோல் உரிக்குது. அதுக்கு முன்னாடி வாரக்கணக்கா சாப்பிடாது. இதுக்குத்தான் சாப்பிடலன்னா விட்டுடுங்கன்னு எழுதினேன்.” அவர் இடுக்கியை எடுத்தது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. “நீங்க தொடாதீங்க. கரப்பான எடுக்க அம்மாவைக் கூப்பிடுங்க.”

மனைவி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு உள்ளே போனாள். அவர் வாசலில் நின்று டார்ச் அடித்தார். இரண்டு முறை இடுக்கி நழுவி, மூன்றாவது முறை கரப்பான் காகிதத்துக்குள் வந்தது. பெட்டிக்குள் பழைய தோல் பிளந்து, ஈரமாக, வெளிறிப்போய் ஒரு கால் உறையிலிருந்து உருவுகிற மாதிரி வெளியே வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு தரம் போன் வந்தது. எடுக்கவில்லை. பதினோரு மணிவாக்கில் பஞ்சு புரண்டு, நிமிர்ந்து, தன் பழைய உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

மகளுக்குச் சொன்னார்கள். “நல்லவேளைப்பா, உங்க கையால அது சாப்பிடல” என்றாள். குத்திக்காட்டச் சொன்னதில்லை, பயம் தெளிந்த பேச்சு. அது அவருக்கும் தெரியும்.

குழாயடியில் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். மறுபடியும் கழுவினார். விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். மருந்து வாடை இருந்தது. எப்போதும் இருந்திருக்கும், அவர் மூக்குக்குத்தான் பழகிவிட்டிருந்தது. எத்தனையோ வீட்டுச் சந்துபொந்துகளைப் பார்த்துக் குமட்டிய வயிறு, அன்றைக்கு இந்தக் கையைப் பார்த்துக் குமட்டியது.

மத்தியானம் மனைவி தட்டை வைத்துக் கூப்பிட்டாள். அவர் உட்கார்ந்து, ஸ்பூன் ஒன்று கொண்டுவரச் சொன்னார்.