இருபது நிமிடம் பின்னால்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது நிஜம். இரவில்கூட இல்லை, பட்டப்பகலில். யாருக்கு நடந்ததோ அவள் இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளுடைய கூடப்பிறந்த தம்பியும் அதே கம்பெனிதான், ஆனால் வேறு ஊரில், மெயின் கட்டடத்தில். சேட்டை தாங்காமல் வீட்டில் வைத்த பெயர் வாலு. கம்பெனியின் கணக்கு வழக்கு, கேமராப் பதிவு எல்லாம் வாலு இருக்கும் இடத்தில் சேரும். அதன் நகல் லைன் வழியாக அக்காவிடம் வரும். அங்கே தீயோ வெள்ளமோ வந்தால், இங்கே இருப்பதை வைத்துக் கம்பெனி பிழைத்துக்கொள்ளும். உடனுக்குடன் நகல் வர வேண்டுமென்றால் பெரிய லைன் போட வேண்டும். அதற்குச் செலவழிக்க முதலாளிக்கு மனசு வருமா? அதனால் நகல் எப்போதும் இருபது நிமிடம் பின்னால்தான் வரும்.

நகல் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க அக்கா ஏதாவது ஒரு கேமராப் படத்தைத் திறப்பாள். படம் ஓடினால் எல்லாம் சரி. வாலுவுக்கு இது தெரியும். கேமரா முன்னால் வந்து நாக்கைத் துருத்திவிட்டுப் போவான். இருபது நிமிடம் கழித்து அக்கா இங்கே தனியாக உட்கார்ந்து சிரிப்பாள்.

அன்று மூன்றரை மணிக்குப் படத்தைத் திறந்தாள். வாலு வேலை பார்க்கும் மெஷின் அறை. திரை ஒரே வெள்ளையாக இருந்தது. லென்ஸில் தூசியோ என்று நினைத்தாள். இல்லை... அது நகர்ந்தது.

புகை.

புகைக்கு நடுவில் கண்ணாடிக் கதவு. கதவுக்கு உள்பக்கம் வாலு. இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான்.

டொக்... டொக்... டொக்...

அக்காவுக்குச் சத்தம் தெளிவாகக் கேட்டது. அந்தக் கேமராவில் மைக்கே கிடையாது.

வாலு மெல்லத் திரும்பி கேமராவைப் பார்த்தான்...

படம் நின்றது.

உடனே வாலுவுக்குப் போன் போட்டாள். ஒரு ரிங்... இரண்டு...

"சொல்லுக்கா."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"உள்ள என்னடா புகை?"

"புகையா? நான் ஷிஃப்ட் முடிஞ்சு கேட்ல நிக்கிறேன்."

"இருபது நிமிஷம் முன்னாடி நீ கதவைத் தட்டிட்டு நின்னதை நானே பார்த்தேன். சிகரெட் புடிச்சியா?"

"அம்மா மேல சத்தியமா இல்லக்கா."

"எங்கிட்டயே கதை விடாத. போய் ஒவ்வொரு மெஷினா பார்த்துட்டு அப்புறம் வீட்டுக்குப் போ."

"சரி சரி, போறேன். கத்தாத."

அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நகல் பின்னால்தான் வரும். எட்டு வருடமாக அவள் கண்டது அதைத்தான். எதுவாக இருந்தாலும் நடந்து முடிந்துவிட்டது, ஆள் முழுசாகப் பேசுகிறான். அவள் இடத்தில் யார் இருந்தாலும் திட்டத்தான் செய்திருப்பார்கள்.

பத்து நிமிடம் போனது. அவன் கூப்பிடவில்லை.

பதினைந்து. இவள் கூப்பிட்டாள். ரிங் போனது... எடுக்கவில்லை.

அவள் மேஜையில் லைன் அலாரம் கத்தியது.

லைன் செத்துவிட்டது.

அடக்கம் முடிந்து அவள் வேலைக்கு வந்த அன்று முதலாளி நேரில் வந்தார். "நல்ல வேளைம்மா, இருபது நிமிஷக் கணக்குதான் போச்சு. மத்ததெல்லாம் உங்ககிட்ட பத்திரமா இருக்கு" என்றார். அவர் கணக்கில் வாலு வரவே இல்லை. அக்கா அவர் முகத்தில் காறித் துப்பாமல் இருந்ததே பெரிய விஷயம்.

பிறகு தீயணைப்புத் துறை அதிகாரி வந்தார். அக்கா அந்தப் படத்தைத் திறந்து காட்டினாள். அவர் படத்தின் மூலையில் ஓடிய நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பம்மா வந்துச்சு?"

"மூணரைக்கு சார்."

"தீ பிடிச்சதே மூணு அம்பதுக்கு. படத்துலயும் அந்த நேரம்தான் இருக்கு. பிடிச்ச உடனே லைனும் எரிஞ்சிடுச்சு. இது இங்க வந்திருக்கவே முடியாது."

அவர் திரையை விட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"மூணரைக்கு உங்க தம்பி எங்க இருந்தார்?"

"வெளிய சார்" என்றாள் அக்கா. "கேட்ல நின்னுட்டிருந்தான். நான்தான் உள்ள போகச் சொன்னேன்."