ஆளில்லாத அருவி

டிசைன் வேலை செய்கிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருவேனா என்று கேட்பார்கள். மீதிப் பேர், "ஐடியாவெல்லாம் எங்கேருந்து பிடிக்கீங்க?" என்பார்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். நான் என்னவோ சாரலில் நனைந்துகொண்டு, கண்ணை மூடி, மேலேயிருந்து ஏதோ இறங்கி வரட்டும் என்று காத்திருப்பதுபோல நினைப்பு. நான் தென்காசியில் ஒரு மாடி அறையில் சத்தம் போடும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரையும் போல இணையத்தில்தான் தேடுகிறேன்.

அங்கே கிடைப்பது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். இலவசப் படங்கள் தரும் தளத்தில் 'குடும்பம்' என்று தேடினால் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று பச்சை இலையைத் தின்றுகொண்டே சிரிக்கும். இலையைத் தின்றுகொண்டு எவனாவது அப்படிச் சிரிப்பானா? 'இந்தியச் சாப்பாடு' என்று தேடினால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குழம்பு, மேலே கொத்தமல்லி. ஒரு பரோட்டாவுக்கு வழி கிடையாது. மாதிரிகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற தளம் இன்னும் மோசம். காபிக்கடை லோகோ ஒன்றை நின்று பார்த்துவிட்டால் போதும், அந்த வாரம் முழுக்கக் காபிக்கடைதான் வரும். எல்லாம் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் போலவே இருக்கும். வண்ணச் சேர்க்கை சொல்லித் தரும் தளங்களில் எனக்குக் கோபம் குறைவு. ஐந்து கட்டங்களில் ஐந்து நிறம், பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும். அதை நம்பி ஃப்ளெக்ஸ் அடித்து ரோட்டில் கட்டினால் வெயிலிலும் லாரிப் புகையிலும் ஐந்தும் ஒரே நிறமாகிவிடும். தமிழ் எழுத்துரு விஷயத்தைப் பேசவே வேண்டாம். ரத்தக் கொதிப்பு வரும்.

இவ்வளவு திட்டினாலும் இவை இல்லாமல் எனக்குப் பிழைப்பு இல்லை. அதுதான் கோபத்துக்கே காரணம்.

போன வருடம் குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஓர் அண்ணாச்சி வந்தார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், தென்னந்தோப்பை ஒட்டி, கீழும் மாடியுமாகச் சின்னதாக ஒரு லாட்ஜ் கட்டியிருந்தார். ரோட்டோரம் வைக்க ஒரு பெரிய போர்டு, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு படம், இரண்டும் வேண்டும்.

அது அவருக்கும் அவர் மனைவிக்கும் முதல் சீசன். சென்னையில் இருக்கும் மகன் முடிவாகச் சொல்லிவிட்டான். இந்த சீசனில் அறைகள் நிரம்பவில்லை என்றால் கட்டடத்தை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டு இருவரும் சென்னைக்கு வந்துவிட வேண்டும். அண்ணாச்சி சரி என்று தலையாட்டிவிட்டார். அவர் மனைவி தலையாட்டவில்லை. அவரை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன்.

"அந்தப் பொட்டி வீட்டுக்குள்ள என்னால கெடக்க முடியாதுட்டி. சன்னலத் தொறந்தா அடுத்த வீட்டுக்காரன் பல்லு வெளக்குதான். நீ போடுத படத்துலதான் எங்க இருப்பே இருக்கு, பாத்துக்கோ" என்றார் மைனி. படம் போடுகிறவள் தலையில் இப்படி ஒரு பாரத்தை ஏற்றலாமா? ஏற்றிவிட்டார்.

அண்ணாச்சிக்கு என்ன படம் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

"மெயின் அருவி வேணும். தண்ணி நல்லா விழணும். ஒரு ஆளு இருக்கப்பிடாது."

"ஏன் அண்ணாச்சி? ஆள் குளிச்சாத்தானே குற்றாலம்?"

"ஆளு இருந்தா படம் அசிங்கமாயிரும்மா. தொப்பையும் தொந்தியும் எண்ணெயுமா நிப்பானுவ. நான் பாக்காததா?"

பார்த்தவர்தான். பல சீசன்களில் அவருக்கு அருவியில்தான் டூட்டி. வாயில் விசிலோடு நின்று, தலையைக் கொடுத்துவிட்டு நகராமல் நிற்கிறவர்களை வெளியே வரச்சொல்லியே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. அவர் மனதில் இருந்த அழகான குற்றாலம், விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிய பிறகு இருக்கிற குற்றாலம்.

நான் எடுத்துச் சொன்னேன். குற்றாலத்தில் தண்ணீர் இருந்தால் ஆள் இருக்கும். ஆள் இல்லை என்றால் தண்ணீரும் இல்லை, வெறும் பாறையும் குரங்கும்தான். அவர் காதிலேயே வாங்கவில்லை. "இண்டர்நெட்ல இல்லாததா?" என்று போய்விட்டார்.

இண்டர்நெட்டில் இல்லை. இலவசப் படத் தளத்தில் குற்றாலம் என்று தேடினேன். யாரோ ஒரு வெளியூர்க்காரர் இவ்வளவு தூரம் வந்து குரங்கை மட்டும் விதவிதமாக எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். 'அருவி' என்று தேடினால் பாசி, பனிமூட்டம், மஞ்சள் மழைக்கோட்டு போட்டு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். உலகத்தில் எந்த அருவிக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் போக முடியாது போல. சரியென்று ஏஐயிடம் கேட்டேன். அருவியோடு ஒரு யானையும் தாடி வைத்த முனிவர் ஒருவரும் வந்தார்கள். ஆள் வேண்டாம் என்றேன். முனிவரை எடுத்துவிட்டு யானையை இரண்டாக்கிக் கொடுத்தது.

கடைசியில் எங்கேயோ இருக்கிற ஓர் அருவியை எடுத்து, பச்சையைக் கொஞ்சம் கூட்டி, மாதிரிக்கு அனுப்பிவைத்தேன். அண்ணாச்சி அதை அவருடைய ஓய்வு பெற்ற கூட்டாளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். உடனே ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். அதை எனக்கும் போட்டுக் காட்டினார்கள்.

"எலே, இது எந்த ஊரு அருவிலே? ஆர்ச்ச எங்க? இதப் போட்டு ரூம் வாடகைக்கு விட்டன்னா ஒன் மேலயே கேஸ் போடணும்லே!"

ஆர்ச் என்றால் மெயின் அருவியின் அடியில் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவு. அது இல்லாமல் குற்றாலம் என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் சின்னப்பிள்ளை கூட நம்பாது.

அந்த நேரத்தில்தான் மலையில் பேய்மழை பெய்தது. குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். எனக்குப் பொறி தட்டியது. தண்ணீரும் இருக்கிறது, ஆளும் இல்லை! ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்த் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். வளைவைத் தாண்டி வந்து விழுந்தது தண்ணீர். பாறை தெரியவில்லை. சத்தத்தில் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் என்னைத் திட்டியதுகூடக் காதில் விழவில்லை. படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து, செம்மண் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, மேலே லாட்ஜின் பெயரைப் பெரிதாக வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழகான படம்.

அண்ணாச்சி போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "இதாம்மா அருவி" என்றார். மைனியும் நல்லாயிருக்கு என்றார். போர்டு அடித்து ரோட்டோரம் நட்டாயிற்று. வெள்ளம் வடிந்து, தடையை எடுத்து, கூட்டம் வரத் தொடங்கிய வாரக் கடைசியாகப் பார்த்து, தெரிந்த எல்லோருக்கும் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார்கள். போன் அடித்தது. விடாமல் அடித்தது. மைனிக்கு ஒரே சந்தோஷம்.

முதல் போனை எடுத்தார் அண்ணாச்சி. ராஜபாளையத்திலிருந்து.

"என்ன அண்ணாச்சி, மறுபடியும் தடை போட்டுட்டாங்களா?"

அடுத்தது சங்கரன்கோவில். "படம் பாத்தோம். சொன்னதுக்கு நன்றிங்க. நாங்க வேன கேன்சல் பண்ணிட்டோம்."

எல்லோரும் அதையே சொன்னார்கள். ரோட்டிலும் அதே கதை. போர்டுக்குப் பக்கத்தில் கார்கள் மெதுவாகும், உள்ளே இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், ஒருவருக்கொருவர் ஏதோ பேசிக்கொள்வார்கள், வண்டி திரும்பிப் பாபநாசம் அருவிப் பக்கம் போய்விடும்.

ஒவ்வொரு முறை தடை போடும்போதும் பேப்பரிலும் டிவியிலும் வருகிற படம் அதேதான். வளைவைத் தாண்டி விழும் தண்ணீர், ஒரு ஆள் இல்லை. எங்கள் ஜில்லாவிலும் பக்கத்து ஜில்லாவிலும் அந்தப் படத்தைப் பார்த்தால் யாரும் கீழே எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. குளிக்க முடியாது, வேறு வேலையைப் பார் என்று அர்த்தம். நாங்கள் அதை லாட்ஜ் வாசலில் ஆளுயரத்துக்கு நட்டு வைத்திருந்தோம். வெளிநாட்டுக்காரனிடம் காட்டியிருந்தால் பரிசே கொடுத்திருப்பான்.

நான் லாட்ஜுக்குப் போனேன். திட்டு வாங்கத்தான் போனேன், ஆனால் அங்கே அண்ணாச்சி வேறு ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் நடுவில் வந்திருந்த ஒரே ஒரு குடும்பம் மாடியில் தங்கியிருந்தது. அவர்கள் குளித்துவிட்டு வந்து, முன்பக்கக் கம்பி முழுக்க ஈரத்துணியைக் காயப்போட்டிருந்தார்கள். துண்டு, கைலி, பாவாடை, நைட்டி, பிள்ளைகள் டவுசர், ஜட்டி, எல்லாம் வரிசையாகத் தொங்கின. கீழே முற்றத்தில் அண்ணாச்சி நின்று கத்தினார்.

"முன்னால துணி காயப்போடப்பிடாதுன்னு சொன்னம்லா? லாட்ஜா சலவைக்கடையா?"

மாடியில் இருந்த மனிதர் தலையைத் துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "பின்னால தோப்பு அண்ணாச்சி, வெயிலே விழல. ஈர ஜட்டியோடயா ஊருக்குப் போவ?"

"எடுக்கேரா, நான் மேல வரட்டுமா?"

"வாங்க. வரும்போது ரெண்டு கிளிப்பு கொண்டு வாங்க, காத்து அடிக்கி."

மைனி அடுக்களைக்குள்ளிருந்து சிரித்தார். அண்ணாச்சி மூஞ்சி சிவந்து படியில் கால் வைத்தபோது, ரோட்டில் போன ஒரு வேன் நின்றது. உள்ளேயிருந்து ஓர் அம்மா தலையை நீட்டினார். எங்கள் போர்டைப் பார்த்தார், முகம் தொங்கிப்போயிற்று. அப்புறம் மாடிக் கம்பியைப் பார்த்தார்.

"ஏங்க, குளிக்க விடுதான் போலுக்கே! துணியப் பாருங்க!"

மாடிக்காரர் அங்கிருந்தே கத்தினார். "தண்ணி போட்டு அடிக்கிக்கா! சீக்கிரம் போங்க, கூட்டம் சேந்துரும்!"

"ரூம் இருக்கா அண்ணாச்சி?"

அண்ணாச்சி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். மைனிதான் ஓடிவந்து சாவியைக் கொடுத்தார்.

அன்றைக்கே உட்கார்ந்து வரைந்தேன். எந்தத் தளத்தையும் திறக்கவில்லை. மாடிக் கம்பி, அதில் வரிசையாகத் துணி, கீழே சொட்டுகிற தண்ணீர். நிறங்களையும் அந்தத் துண்டுகளிலிருந்தே எடுத்தேன். காவி, கிளிப்பச்சை, வெளிறிப்போன ஒரு ரோஸ். அருவியே கிடையாது.

அண்ணாச்சி படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கைது பண்ணுகிற பார்வை.

"ஏம்மா, நான் எதைக் கூடாதுன்னு சொல்லுதனோ அதையே போர்டா போடுதியே?"

"கூடாதுன்னு நீங்க சொன்னதுதான் ஆளக் கூட்டிட்டு வந்துது. நீங்க கேட்டது ஆளத் தொரத்துச்சு" என்றேன். எனக்குப் பதவிசாகப் பேச வராது.

"அருவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாக்கவன் சிரிப்பான்."

"சிரிச்சிட்டு உள்ள வரட்டும்" என்றார் மைனி. "ஏங்க, விசிலு ஊதுனது போதும். நான் மெட்ராசுக்குப் போவ மாட்டேன்." பேசிக்கொண்டே அவர் தன் போனில் படத்தை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் சண்டையை முடிப்பதற்குள் முதல் போன் வந்துவிட்டது. ராஜபாளையத்திலிருந்து ஒரு பாய். துபாயிலிருந்து மகன் லீவில் வந்திருக்கிறானாம், குடும்பத்தோடு வருகிறார்களாம்.

"துணி காயப்போட எடம் இருக்கும்லா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "இருக்கு பாய்" என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சரி, போர்டு அடி. அந்த ஜட்டிய மட்டும் எடுத்துரு."

"அதை எடுத்தா லாண்டரிக் கடை போர்டு மாதிரி ஆயிரும் அண்ணாச்சி."

எடுக்கவில்லை. சின்னதாக்கி ஓரத்தில் வைத்தேன். அதுதான் என்னால் முடிந்த சமாதானம்.

சீசன் முடிவதற்குள் மகன் ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போவது பற்றிப் பேச வந்தான். அறை எதுவும் காலி இல்லாததால் அடுக்களையை ஒட்டிய வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தான். காலையில் அருவியில் குளித்துவிட்டு வந்து துண்டைக் கம்பியில் போட்டுவிட்டு ரயிலுக்குப் போனான். சென்னைப் பேச்சு அதோடு நின்றது.

நான் தளங்களைத் திட்டுவதை நிறுத்தவில்லை. அடுத்த வேலைக்கும் அங்கேதான் போய்த் தேடினேன், மஞ்சள் மழைக்கோட்டுக்காரி அங்கேயே நின்றாள். நேற்று இலஞ்சிக்குப் போகிற வழியில் லாட்ஜைப் பார்த்தேன். வாரநாள், விருந்தாளிகள் யாரும் இல்லை, கம்பி காலி. அண்ணாச்சி வாளியோடு மாடிக்கு வந்தார். ரோட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் தன் துண்டு இரண்டையும் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட முன்பக்கம் விரித்துப் போட்டார்.